கத்தியோட நிக்கிற பிள்ளையோட கதைக்கிறது

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில மனநல வேலையில 20 வருசம் நிண்டவள், கிளினிக்குக்கு வராமல் விட்ட ஆக்களை வீடு தேடிப் போய்ப் பாக்கிறதுதான் என்ர வேலையா இருந்தது. இண்டைக்கு உங்களோட கதைக்க வந்தது, மனநோய் முத்தி நிக்கிற ஆளோட எப்பிடிக் கதைக்கிறதெண்டு பொலிஸ்காரருக்குக் குடுக்கவேண்டிய ஒரு பயிற்சியைப் பற்றி.

கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கை, ஆர் வீடெண்டு சொல்ல மாட்டன். 24 வயசுப் பெடியன், மருந்தை நிப்பாட்டி மூண்டு கிழமை, நித்திரை இல்லை, காதுக்குள்ள குரல் கேக்குது, மீன் வெட்டுற கத்தியோட முத்தத்தில நிக்கிறான். தாய் பயந்து பொலிசுக்குப் போன் எடுத்தவ. ஜீப்பில நாலு பேர் வந்து இறங்கினவை, ஒருத்தர் "பிஹிய பிம தான்ன" எண்டு, கத்தியைக் கீழ போடச் சொல்லிச் சிங்களத்தில கத்துறார், இன்னொருத்தர் தெரிஞ்ச தமிழில "போடு போடு" எண்டுறார், மூண்டாமாள் தடியை எடுத்திட்டார், மதிலுக்கு மேலால சனம் போன்ல வீடியோ எடுக்குது. எனக்கு ஆள் அனுப்பி நான் ஓடிப் போய்ச் சேரேக்க எல்லாம் முடிஞ்சுது. பெடியன்ட கையும் வெட்டு, ஒரு பொலிஸ் தம்பிட கையும் வெட்டு, ரெண்டு பேருக்கும் தையல். அந்தத் தாய் ஆஸ்பத்திரி வாங்கில இருந்து என்னட்டக் கேட்டவ, "நான் ஏன் பிள்ளை அந்தப் போனை எடுத்தன்" எண்டு. அதுக்கு எனக்குப் பதில் வரேல்ல.

அந்த நாலு பேரும் கெட்டவை எண்டு நான் சொல்ல வரேல்ல. கள்ளனைப் பிடிக்கிற பழக்கத்தோடயே அந்த முத்தத்துக்கும் வந்தவை, வேற மாதிரி ஒண்டு இருக்கெண்டு அவைக்கு ஒருத்தரும் காட்டேல்ல.

அமெரிக்காவில மெம்பிஸ் எண்ட நகரத்தில 1987ல இதே மாதிரித்தான் நடந்தது, மனநோய் உள்ள ஒரு பெடியன் கத்தியால தன்னையே வெட்டிக்கொண்டு நிக்க, உதவிக்கு வந்த பொலிஸ் சுட்டு ஆள் செத்துப்போச்சு. ஊர் கொதிச்சுது. அதுக்குப் பிறகு 1988ல பொலிசும், நோயாளியளின்ட குடும்பங்களும், யூனிவர்சிட்டி ஆக்களும், டொக்டர்மாரும் ஒண்டா இருந்து ஒரு திட்டம் போட்டினம். விரும்பி முன்வாற பொலிஸ்காரருக்கு 40 மணித்தியாலப் பயிற்சி. சும்மா லெக்சர் மட்டுமில்லை, நோயிலயிருந்து தேறின ஆக்களையே கூப்பிட்டுக் கதைக்க விடுவினம், நடிச்சுப் பழக்குவினம். சில இடங்களில காதில ஹெட்போன் போட்டு அதுக்குள்ள குரல்கள் திட்டிக்கொண்டிருக்க, ஒரு போர்மை நிரப்பச் சொல்லுவினம். அதைச் செய்து பாத்தவருக்கு விளங்கும், ஏற்கெனவே மண்டைக்குள்ள பத்துப் பேர் கத்துற ஆளுக்கு முன்னால நாலு பேர் நிண்டு கத்தினா என்னத்தைக் கேக்கப்போகுது அந்தப் பிள்ளைக்கு?

அதாலதான் ஒருத்தர் மட்டும் கதைக்கச் சொல்லிப் பழக்கிறது. சைரனை நிப்பாட்டு, லைட்டை நிப்பாட்டு, சனத்தைத் தூரப் போகச் சொல்லு. கிட்டப் போகாமல் தள்ளி நில், நடுவில மேசையோ வாகனமோ இருக்கட்டும், தூரம் இருந்தா யோசிக்க நேரம் இருக்கும். பேரைக் கேள், உன்ர பேரைச் சொல்லு, தண்ணி வேணுமோ எண்டு கேள். அமைதியா இரு எண்டு அதட்டினா ஒருத்தரும் அமைதியாகிறேல்ல. குரல் கேக்குதெண்டா பொய் எண்டு வாதாடாதே, "எனக்குக் கேக்கேல்ல, உங்களுக்குப் பயமா இருக்கெண்டு விளங்குது" எண்டு சொல்லு. தொட முதல் தொடப்போறன் எண்டு சொல்லு. பிறகு பொறுத்திரு, அரை மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை.

இப்பிடி நிண்டா பொலிஸ்காரர் அடிபட்டுச் சாகிறதோ எண்டு கேப்பினம், நியாயமான கேள்விதான். அமெரிக்காவிலயே லூயிவில் எண்ட நகரத்தில இந்த வகைப் பயிற்சி ஒண்டைக் குடுத்துக் கணக்குப் பாத்தவை, பலப்பிரயோகம் 28 வீதம் குறைஞ்சுது, பொதுசனம் காயப்படுறது 26 வீதம் குறைஞ்சுது, பொலிஸ்காரர் காயப்படுறது 36 வீதம் குறைஞ்சுது. கூடக் குறைஞ்சது பொலிசுக்குத்தான், பாருங்கோ. எல்லா ஊரிலயும் இவ்வளவு நல்ல முடிவு வரேல்ல, அதையும் சொல்லத்தான் வேணும், ஏனெண்டா பயிற்சி மட்டும் காணாது. மெம்பிஸ்ல ராவோ பகலோ பொலிஸ் கூட்டிக்கொண்டு வாற ஆளை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பாமல் உடனே எடுக்கும் எண்ட ஏற்பாடும் சேர்ந்திருந்தது. நடுச்சாமத்தில ஜீப்போட வாசல்ல ரெண்டு மணித்தியாலம் காத்துக்கிடந்த பொலிஸ்காரர் அடுத்த முறை ஆளைப் பொலிஸ் கூட்டிலதான் போடுவார்.

எங்கட ஊருக்கு இன்னொண்டும் வேணும், பாஷை. மூதூர், கிண்ணியா, நிலாவெளி எண்டு எங்க போனாலும் நோய் முத்தின ஆளுக்குத் தாய்ப்பாஷைதான் காதுக்குள்ள போகும். தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் எண்டாலும் அந்த ஜீப்பில வரவேணும். அதோட முப்பது வருச யுத்தம் பாத்த சனம், யூனிபோர்மைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிற சனம் இது. 2009 ஒக்டோபர்ல பம்பலப்பிட்டிக் கடலுக்குள்ள மனநோய் உள்ள ஒரு தமிழ்ப் பெடியன் கையெடுத்துக் கும்பிடக் கும்பிடப் பொலிஸ்காரர் அடிச்சதை டீவியில பாத்தனாங்கள் எல்லோ, அதை மறக்கச் சொல்லிக் கேக்க ஏலாது.

வீட்டில இப்பிடி ஒரு நிலைமை வந்தா முதல்ல 1926க்கு எடுங்கோ, மனநல உதவி லைன், ராவிலயும் எடுக்கலாம். உயிராபத்தெண்டு பொலிசின்ட அவசர லைன் 119க்கு எடுத்தா முதல் வசனத்திலயே இது வருத்தக்காரப் பிள்ளை எண்டு சொல்லுங்கோ, கையில என்ன வச்சிருக்கெண்டு ஒளிக்காமல் சொல்லுங்கோ, தமிழ் தெரிஞ்ச ஆளை அனுப்பக் கேளுங்கோ. மருந்துச் சீட்டையும் கிளினிக் கொப்பியையும் கையில எடுத்துக்கொண்டு கேற்றடியில நில்லுங்கோ, ஜீப்பால இறங்கிறவர் பிள்ளையைப் பாக்க முதல் உங்களைப் பாக்கட்டும்.