இரும்புக் கட்டியும் சரக்குப் பட்டியலும்

நேயர்களுக்கு வணக்கம். வாஷிங்டனில் 2016-இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், சாவோ ஜோசே என்ற கப்பலின் இரும்புக் கட்டிகளைக் காட்சிக்கு வைத்தார்கள். பார்த்தால் எடைக்குப் போடும் பழைய இரும்புதான். அதற்கு மதிப்புத் தந்தது காகிதம்.

கதையைச் சொல்கிறேன். 1980-களில் கேப் டவுன் கடலோரத்தில் புதையல் தேடியவர்கள் ஒரு கப்பல் சிதைவைக் கண்டார்கள். பழைய டச்சுக் கப்பல் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஆனால் அதிலிருந்த செம்பு ஆணியும் செம்புத் தகடும் அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லை. பிறகு கேப் டவுன் ஆவணக் காப்பகத்தில் ஒரு கப்பல் தலைவனின் வாக்குமூலம் அகப்பட்டது. போர்த்துக்கீசிய அடிமைக் கப்பல். மொசாம்பிக்கிலிருந்து பிரேசிலுக்கு 400-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிவந்து, 1794 டிசம்பரில் பாறையில் மோதியிருக்கிறது. ஏறக்குறையப் பாதிப் பேர் கடலோடு போனார்கள். கரையேறியவர்கள்? மறுபடி விற்கப்பட்டார்கள்.

லிஸ்பன் காப்பகத்துப் பட்டியலில், அதே கப்பலில் இரும்புப் பாரம் ஏற்றிய குறிப்பு இருந்தது. ஏன் இரும்பு? மனிதர்கள் மற்றச் சரக்கைப் போலக் கனக்க மாட்டார்கள், அசையவும் செய்வார்கள். கப்பல் சாயாமலிருக்க அடியில் பாரம் வேண்டும். ஒரு கட்டிக்குள் எவ்வளவு கொடூரமான கணக்கு, பாருங்கள்! கட்டி மட்டும் இருந்தால் போதாது, பட்டியல் மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

அமெரிக்காவில் அடிமைகளாயிருந்தவர்களின் குடும்ப வரலாற்றுக்கும் இதே விதிதான். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணையில் பெரும்பாலும் பெயரே கிடையாது. உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவுதான். விடுதலையானவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லி எழுதியது 1870 கணக்கெடுப்பில்தான். அங்கிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்: விடுதலையானவர்களுக்காக 1865-இல் அரசு அமைத்த அலுவலகத்தின் கூலி ஒப்பந்தங்கள், அவர்களுக்கான சேமிப்பு வங்கியின் பதிவேடுகள், பிறகு உடைமையாளர் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியல். அதில் மேசை, மாடு வரிசையில் மனிதர்களும் விலையோடு இருப்பார்கள். வழுக்குகிற இடம் இதுதான்: குடும்பப் பெயரை வைத்துக் கடைசி உடைமையாளர் இவர்தான் என்று அடித்துச் சொல்வது. பலர் வேறு பெயர் சூடினார்கள். மேரி என்று ஒரு பெயர் பொருந்தினால் போதாது; தாய், பிள்ளைகள், வயது எல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும். சேர்ந்து, நேயர்களே.

நேரம் நெருங்கிவிட்டது. அருங்காட்சியக விளக்கப் பலகை பற்றி ஒன்றே ஒன்று: ஊகமானால் ‘இருக்கலாம்’ என்றே எழுத வேண்டும். காட்சிக்கு வைக்கும் மூலத் தாளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சம் போதும். சில மாதத்தில் அதை இருட்டறைக்கு அனுப்பிவிட்டு நகலை வைக்க வேண்டும். வெளிறிய மை திரும்பி வராது. நன்றி, வணக்கம்.