குப்புறப் படுத்து எடுத்த ஸ்கேன்

நேயர்களுக்கு வணக்கம். முடக்குவாதம் என்றால் மூட்டு வலி, ஸ்கிளீரோடெர்மா என்றால் தோல் இறுக்கம். நம் நினைப்பு அதோடு நின்றுவிடுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் இந்த நோய்கள் நுரையீரலையும் விட்டுவைப்பதில்லை, அங்கே மெல்லத் தழும்பு விழச் செய்யும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், வறட்டு இருமல் விடாது. வயதாகிவிட்டது, எடை கூடிவிட்டது என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம்.

எக்ஸ்ரே எடுத்தால் ஆரம்பத்தில் பல நேரம் தெளிவாகவே இருக்கும். நெஞ்சைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் குறுக்குவெட்டுகளாகக் காட்டும் சி.டி. ஸ்கேனில்தான் நோய் பிடிபடும். எக்ஸ்ரே தெளிவாக இருப்பதால் மட்டும் நுரையீரலில் ஒன்றுமில்லை என்று இவர்களிடம் சொல்லிவிட முடியாது. இதை இன்னொரு முறை சொன்னாலும் தகும்.

ஐம்பதை ஒட்டிய ஓர் அம்மா வந்தார். குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவினால் விரல் நுனிகள் வெளுத்து, பிறகு நீலம் பாரிக்கும். ஸ்கிளீரோடெர்மாவில் அடிக்கடி காணும் அறிகுறி இது. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். மூச்சை இழுத்து முடிக்கும் தறுவாயில், பள்ளிக்கூடப் பையின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சத்தம். ஸ்கேனில் இரு நுரையீரல்களின் அடியிலும் முதுகுப் பக்கம் லேசான மங்கல்.

இங்கேதான் சிக்கல். மல்லாந்து படுத்தால் நல்ல நுரையீரலிலும் முதுகுப் பக்கக் காற்றறைகள் சற்று அமுங்கி மங்கலாகத் தெரியும். இந்த நோய் முதலில் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அதே இடத்தில். அந்த அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி எடுத்தோம். வெறும் அமுக்கமானால் மங்கல் விலகியிருக்கும். விலகவில்லை. அதற்குள் மெல்லிய வலைப்பின்னலும், இழுபட்டு விரிந்த சிறு மூச்சுக்குழாய்களும் தெரிந்தன. தழும்பு விழத் தொடங்கியிருந்தது. நான் வாயைத் திறந்தாலே "சார் குப்புறத்தை ஆரம்பித்துவிட்டார்" என்று இளைய மருத்துவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதுகுப் பக்கத்தில் லேசான மங்கல் மட்டும் இருந்தால் அந்தக் கூடுதல் சில நிமிடங்களை மிச்சம் பிடிக்காதீர்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.

நோய் இருக்கிறதா என்பதோடு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும் முக்கியம். ஸ்கிளீரோடெர்மாவில் நுரையீரலின் 20 சதவீதத்துக்கு மேல் பரவியிருந்தால் அதைத் தீவிர நிலையாகக் கொள்ளும் முறையை லண்டன் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். இருபதுக்கு மேலா கீழா என்று படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாதபோது, நுரையீரலின் திறனை அளக்க ஊதிப் பார்க்கும் பரிசோதனை தீர்ப்புச் சொல்லும்.

கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. மைகோபினோலேட், நின்டெடானிப் மருந்துகளைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன், இன்று முடியாது. தொடர் கண்காணிப்புக்கு ஒவ்வொரு முறையும் ஸ்கேன் தேவையில்லை, கதிர்வீச்சு வீண். ஊதிப் பார்க்கும் அளவு இறங்கினாலோ மூச்சுத் திணறல் கூடினாலோ எடுக்கலாம். அப்போது பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தழும்பு கூடியதா என்று தெரியும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டையும் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவாருங்கள். வணக்கம்.