சிவப்புப் பட்டை அலமாரி

சபையோருக்கு வணக்கம். இனவெறியைப் புரிந்துகொள்ள மூணாறு மலையில் ஓர் இரவல் நூலகம் தொடங்குகிறீர்கள். பணம் திரட்டினால் புத்தகம் வந்துவிடும். அதை எங்கே வைப்பது என்பதுதான் கடினமான வேலை.

நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் வழக்கமான டூயி பகுப்பில் இனங்கள் பற்றிய நூல் 305.8-க்குப் போகும். அடிமைமுறை 326, தென்னாப்பிரிக்க வரலாறு 968. மூன்றும் மூன்று மூலையில் கிடந்தால் வாசகருக்குத் தொடர்பு பிடிபடாது. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கொண்டுபோய் இறக்கியது. அப்படிப் போனவர்களின் வழிவந்த பலரைத்தான் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டம் வீட்டைவிட்டுத் துரத்தியது. இங்குள்ள தேயிலைத் தோட்டத்து மக்கள் இதை ஒரே மூச்சில் படிக்க வேண்டும். எண்கள் இருக்கட்டும், முதுகில் சிவப்புப் பட்டை ஒட்டி ஒரே அலமாரியில் சேருங்கள். அடுத்த தட்டிலேயே வைக்கம் போராட்டம் பற்றிய நூல்கள் இருக்கட்டும். 1924-இல் போராட்டம் தொடங்கியபோது அங்கே ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மறிக்கப்பட்டிருந்தது கோயிலைச் சுற்றிய பொதுத்தெரு. சாதியும் இனமும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. பிறப்பைப் பார்த்துத் தெருவை மறிப்பது இரண்டிலும் உண்டு.

நன்கொடையில் சாதிகளையும் பழங்குடிகளையும் விவரிக்கும் பழைய இனவரைவியல் நூல்களும் வரும். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மூக்கை அளந்து குறித்த காலத்தவை. எறியாதீர்கள், இரவலும் தராதீர்கள், வாசிப்பறையோடு நிற்கட்டும். உள்ளட்டையில் அரைப் பக்கக் குறிப்பு ஒட்டுங்கள். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினார்கள், அந்த எண்ணை வைத்து மனிதரை மேல் கீழாக அடுக்கினார்கள் என்று எழுதுங்கள். மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது என 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின் கணக்கிட்டதையும் சேருங்கள். ஒட்டும் மைதாப் பசையில் சிட்டிகை மயில்துத்தம் கலக்காவிட்டால் பூச்சி அரிக்கும். அலமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே நிற்கட்டும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் சுவர் கசிந்தால் பூஞ்சை முதலில் அட்டையைத்தான் பிடிக்கும்.

கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர் இருட்டியபின் டவுனுக்கு ஏறி வரமாட்டார். முப்பது புத்தகத்தைத் தகரப்பெட்டியில் போட்டு ஞாயிறன்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஜீப்பில் அனுப்புங்கள். தலைப்புகளைக் குறைத்துப் பிரதிகளைக் கூட்டுங்கள். ஒரே நூலை மூன்று வீட்டில் படித்தால்தான் வாசலில் பேச்சு நடக்கும். பிள்ளைகள் பலர் மலையாளத்தில் படிப்பவர்கள், ஆகவே கிடைத்தவரை இரு மொழியிலும் வாங்குங்கள். தவணை நான்கு வாரம். அபராதம் வேண்டாம், ஐந்து ரூபாய்க்குப் பயந்து மறுபடி வராமலே போவார்கள்.

இரவல் பதிவேட்டில் உறுப்பினர் எண் மட்டும் போதும். பெயர்ப் பட்டியல் தனி நோட்டில், செயலாளரின் பூட்டுக்குள். புத்தகம் திரும்பியதும் அந்த வரியை மையால் முழுக்க அடித்துவிடுங்கள். யார் எதைப் படித்தார் என்பது வேலையை மேற்பார்க்கும் தோட்ட மேஸ்திரி காதுக்கு ஒருமுறை எட்டினாலும் அந்த லயத்தில் பிறகு யாரும் பெட்டியைத் தொடமாட்டார்கள்.