மூன்றாவது மிடறு

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன்மாருக்கும், மழையையும் பார்க்காமல் வந்து இந்தச் சனசமூக நிலையத்தை நிறைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

துரித உணவுக் கடைகள் வேறு வேறு நாடுகளில் விற்கும் உள்ளூர்ப் பண்டங்களை நகைச்சுவைக் கலைஞர்கள் போய்த் தின்று பார்த்து மதிப்புச் சொல்வது அந்தப் பண்டத்துக்குப் பெருமையா, சிறுமையா? இதுதான் தலைப்பு. சிறுமை என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு உதாரணம் சொன்னார். அமெரிக்காவில் நிக் வைகர், மைக் மிட்செல் என்ற இரண்டு கலைஞர்கள் 2015 முதல் ‘டோபாய்ஸ்’ என்ற ஒலி நிகழ்ச்சி நடத்துகிறார்கள், கிளைக் கடைகளில் சாப்பிட்டுவிட்டு 5 முட்கரண்டிக்கு எத்தனை என்று புள்ளி போடுகிறார்கள், இதில் என்ன பிழை என்று கேட்டார். பிழை இல்லை, அண்ணை. சின்ன வயதிலிருந்து தின்று வளர்ந்த கடையைப் பற்றிப் பேச அவர்கள் நாக்குக்கு முழு உரிமை உண்டு. வழக்கு தொடங்குவது வேறு இடத்தில். இன்னொரு நாட்டுக்குப் போய், அங்கே மட்டும் விற்கும் பண்டத்தை வாங்கி, கமெராவை எதிரே வைத்து, ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளித்து, அடுத்ததைத் தூக்குகிறார்களே, அங்கேதான்.

ஏன் என்பதற்கு ஒரு மீன் கதை சொல்லுகிறேன். மக்டொனால்ட்ஸில் மீன் பேர்கர் ஒன்று இருக்கிறது. இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிறது, அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஆனால் அதுவும் ஒரு காலத்தில் உள்ளூர்ப் பண்டம்தான். அமெரிக்காவில் சின்சினாட்டி என்ற ஊரில் லூ குரோன் என்பவர் அந்தக் கடையின் கிளை ஒன்றை நடத்தினார். சுற்றிவரக் கத்தோலிக்கக் குடும்பங்கள். அந்தக் காலத்தில் கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமையில் இறைச்சி தொடமாட்டார்கள். வெள்ளி வந்தால் கடை காய்ந்துபோகும். மனுசன் மீனைப் பொரித்துப் பணிசுக்குள் வைத்துக்கொண்டு தலைமையிடம் போனார். தலைவர் ரே குரொக்குக்கு அது பிடிக்கவில்லை. அவரிடம் வேறொரு யோசனை இருந்தது: இறைச்சிக்குப் பதில் அன்னாசித் துண்டு. சரி, இரண்டையும் விற்றுப் பார்ப்போம் என்று 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை போட்டி வைத்தார்கள். குரோன் பிறகு சொன்ன கணக்கு இது: மீன் 350, அன்னாசி 6.

குருநகர், பாசையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கச் சனங்கள் இங்கே இருக்கிறீர்கள். தவக்கால வெள்ளி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளியில் மச்சச் சட்டியை அடுப்பில் ஏற்றாத சைவ வீடுகளும் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஒரு ஊரின் விரதம் தெரிந்தவனுக்கு அந்த மீன் பேர்கர் ஏன் பிறந்தது என்று உடனே விளங்கும். அது தெரியாதவன் கமெராவோடு அன்றைக்கு அங்கே போயிருந்தால், இறைச்சிக் கடையில் மீனா என்று கேட்டுச் சிரித்திருப்பான். சனமும் கூடச் சிரித்திருக்கும்.

இதே கடை 1996இல் டெல்லியில் திறந்தபோது மாட்டிறைச்சியே வைக்கவில்லை. அந்த நாட்டுக்கென்று உருளைக்கிழங்கு வடையைப் பணிசுக்குள் வைத்தார்கள். முட்டை சேராத மயோனெய்ஸ் செய்தார்கள். சைவத்துக்கும் அசைவத்துக்கும் சமையல் இடத்தைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். இவ்வளவு பெரிய கொம்பனி ஒரு நாட்டுச் சனத்தின் அடுப்படி வழக்கத்துக்கு வளைந்து கொடுத்தது. பத்து விநாடி வீடியோவில் இதெல்லாம் “பேர்கருக்குள்ளே கிழங்கு” என்ற ஒரு பகிடியாகச் சுருங்கிப்போகிறது.

ஜப்பானில் 1991 முதல் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் முட்டை வைத்த பேர்கர் ஒன்று வருகிறது. பெயர் ‘சுகிமி’. நிலாப் பார்ப்பது என்று அர்த்தம். அறுவடைக் காலத்து முழுநிலவைப் பார்ப்பது அங்கே ஒரு விழா, அந்த முட்டைதான் நிலா. சித்திரை முழுநிலவில், சித்திராப் பருவத்துக்குக் கஞ்சி காய்ச்சும் ஊர் எங்களுடையது. எங்களிடம் இதை ஒரு வரியில் சொன்னால் போதும். அப்புறம் பிலிப்பைன்ஸ். அங்கே பேர்கர்க் கடையில் இனிப்பான ஸ்பகெட்டி விற்கிறார்கள், உள்ளே சிவப்புச் சொசேஜ் துண்டுகள். முதல்தரம் சாப்பிடும் வெளியூர்க்காரன் சீனியைக் கொட்டிவிட்டார்களா என்று கேட்பான். அந்த நாட்டுப் பிள்ளைக்கு அது பிறந்தநாள் சாப்பாடு.

தெரியாத பண்டத்தை உலகத்துக்குத் தெரியவைக்கிறார்களே என்று எதிரணியில் கேட்டார்கள். தெரியவருவது சுளித்த முகம் மட்டும்தான். சிரிக்க வைக்காதே என்று நான் சொல்லவில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று பரிமாறுகிற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்க அரை நிமிடம் போதும். கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும், நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

கடைசியாக எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது ஒன்று. போன வருடம் கனடாவிலிருந்து பெரியம்மாவின் பேரன் வந்தான். அம்மா கூழ் காய்ச்சினா. ஒடியல் மாவை, காயவைத்த பனங்கிழங்கின் மாவை, தண்ணீரில் ஊறவைத்து, மேல் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கயர்ப்பை எடுத்து, நண்டு, இறால், மீன் தலை, பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் அவிந்த பிறகு, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் விட்டு, கடைசியில் மாவைக் கரைத்துத் துழாவினா. பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றிக் கொடுத்தால், ஓலைக்கு வெளியேயும் கை சுடும்.

பொடியன் போனை மதிலில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு மிடறு குடித்தான். கண்ணை இறுக்கி மூடி, நாக்கை வெளியே நீட்டி, இரண்டு கையாலும் வாயை விசிறினான். அவ்வளவுதான் வீடியோ. அன்று இரவே அவனுடைய சிநேகிதப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவும் பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை.

கூழ் குடித்தவர்களுக்குத் தெரியும், முதல் மிடறில் உறைப்பு மட்டும்தான். இரண்டாவதில் புளி. மூன்றாவதில்தான் நண்டின் சாறு நாக்குக்குப் பிடிபடும். போனை எடுத்து நிற்பாட்டிய பிறகு அவன் அந்த மூன்றாவது மிடறுக்கு வந்தான். பிளாவை வழித்துக் குடித்தான். அம்மா கேட்கும் முன்பே நீட்டினான். மூன்று பிளா, நடுவர் ஐயா. மூக்கால் ஓட ஓட, நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சிக்கொண்டு, முற்றத்தில் சப்பாணி கட்டி இருந்து குடித்தான். அது எந்த வீடியோவிலும் இல்லை.

தீர்ப்புச் சொல்லும்போது அந்த மூன்று பிளாவையும் கணக்கில் எடுங்கள். நன்றி, வணக்கம்.