அம்மியும் நகரும்

(மலேசியாவில் கிள்ளான் அருகே உள்ள காப்பாரில், தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு கேட்டு நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. 'டத்தோ' என்பது அங்கே வழங்கும் ஒரு பட்டம்.)

அவைத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஆலயத் தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் டத்தோ அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, மதியமே வந்து நாற்காலி போட்ட தம்பிகளே, பின்னால் நிற்கும் என் தோட்டத்துச் சொந்தங்களே, வணக்கம். டத்தோ எட்டரைக்குக் கிளம்ப வேண்டும் என்றார்கள். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

ஜேம்ஸ் லாசன் என்ற பெரியவரைப் பற்றி மூன்று செய்திகள்: நாக்பூரில் அவர் கற்றது, நாஷ்வில்லில் கற்பித்தது, லாஸ் ஏஞ்சலசில் செய்தது.

1928-இல் பிறந்த கறுப்பின அமெரிக்கப் போதகர். கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றார். பிறகு நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்து காந்தியின் வழியைப் படித்தார். ஊர் திரும்பி 1957-இல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தபோது, உடனே அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களுக்கு வரும்படி கிங் கேட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் தெற்கே உள்ள நாஷ்வில் நகரம். அங்கே கடைகளின் சிற்றுண்டி மேசையில் கறுப்பினத்தவர் உட்கார முடியாது. லாசன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மாணவர்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தார். வேறு சிலர் ரவுடிகளாக நடிக்க வேண்டும். திட்டுவார்கள். முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள். முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளுவார்கள். விழுந்தவன் தலையைக் கையால் மூடிக்கொள்ளலாம், கையை ஓங்கக் கூடாது. எழுந்து மறுபடி உட்கார வேண்டும். மறுபடி தள்ளுவார்கள், மறுபடி உட்கார வேண்டும். தம்பிகளே, நீங்கள் சிலம்பம் பழகுவதுபோல் அவர்கள் அடி வாங்கப் பழகினார்கள்! அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார் என் பாட்டி. அடி வாங்கியே நகர்த்தினார்கள் அந்தப் பிள்ளைகள். 1960 பிப்ரவரியில் கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். மே மாதம் மேசைகள் திறந்தன. இந்தப் போராட்டத்துக்காக லாசனை அவர் படித்த பல்கலைக்கழகம் வெளியேற்றியது.

1968-இல் அதே தெற்கில் மெம்பிஸ் நகரில் குப்பை லாரிக்குள் நசுங்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். லாசன் அவர்களோடு நின்றார். அவர்கள் ஏந்திய அட்டையில் எழுதியிருந்தது, 'நான் ஒரு மனிதன்'.

அந்த அட்டையை நினைத்தால் எனக்குத் தாத்தா ஞாபகம் வருகிறது. 1941-இல் இதே கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். படை வந்து சுட்டது, உயிர்கள் போயின. ஆனாலும் அம்மி நகர்ந்தது. என் தாத்தாவுக்குக் கடைசி வரை அந்த இறங்கும் பழக்கம் காலில் இருந்தது. தோட்டத்து ஆபீஸ் வாசல் வந்தால், உள்ளே துரையே இல்லாவிட்டாலும், இடது கால் பெடலை விட்டுத் தரையில் ஊன்றிவிடும்.

இன்றைக்கு நாம் கேட்பது வீடு. நாற்பது வருஷம் பால் வெட்டிய பாட்டியிடம், வேலை முடிந்தது, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய் என்கிறார்கள். இரண்டு முறை மனு கொடுத்தோம், பதில் இல்லை. இது மூன்றாவது. அடி மேல் அடி!

லாஸ் ஏஞ்சலஸ் கதையை இன்னொரு மேடையில் சொல்கிறேன், மணி எட்டரை ஆகப்போகிறது. வாசலில் மேசை போட்டிருக்கிறோம். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகளுக்கு மைப்பெட்டி இருக்கிறது. அடையாள அட்டை எண்ணைத் தம்பிகள் எழுதித் தருவார்கள். டத்தோ அவர்களே, கிளம்பும் முன் முதல் கையெழுத்தை நீங்கள் போட வேண்டும்.