அஞ்சே நோட்டு, பன்னிரண்டு பார்: ஸ்லோ ப்ளூஸ் கிட்டார் சோலோ

[திரையில்: கிட்டார் ஃப்ரெட்போர்டு நெருக்கத்தில். பின்னணியில் ஏ கீயில் ஸ்லோ ப்ளூஸ். ஒரே ஒரு நோட்டு நீண்டு ஒலித்து நிற்கிறது.]

இப்ப கேட்டது ஒரே ஒரு நோட்டு. ரெண்டாவது ஸ்ட்ரிங், பத்தாவது ஃப்ரெட், ஏ. இதையும் இதைச் சுத்தி இருக்கிற இன்னும் நாலு இடத்தையும் மட்டும் வச்சுக்கிட்டு, பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டம் உள்ள ப்ளூஸ் ஒரு முழுச் சுற்றுக்கு சோலோ வாசிக்கப் போறோம்.

ஸ்கேல் எல்லாம் மனப்பாடமா தெரியும், ஆனா சோலோ வாசிச்சா ஸ்கேல் பயிற்சி மாதிரியே கேக்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான். விரல் பழகின பாதையில ஓடுது, காது பின்னாடியே போகுது. இடத்தைக் குறைச்சுட்டா விரலுக்கு ஓட வழி இல்ல. அப்ப எந்த கார்டு (சேர்ந்து ஒலிக்கிற நோட்டுக் கூட்டம்) மேல எந்த நோட்டுல நிக்கணும், அந்த நோட்டுக்கு எப்படிப் போய்ச் சேரணும், எப்ப சும்மா இருக்கணும்னு காது முடிவு பண்ண ஆரம்பிக்கும்.

[திரையில்: ஃப்ரெட்போர்டு வரைபடம். ஐந்து புள்ளிகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

மெல்லிசான ஸ்ட்ரிங்தான் முதல் ஸ்ட்ரிங். அஞ்சு இடத்தையும் குறிச்சுக்கோங்க. மூணாவது ஸ்ட்ரிங்ல ஒன்பதாவது ஃப்ரெட் ஈ, பதினொண்ணாவது ஃப்ரெட் எஃப் ஷார்ப். ரெண்டாவது ஸ்ட்ரிங்ல பத்தாவது ஃப்ரெட் ஏ, பன்னிரண்டாவது ஃப்ரெட் பி. முதல் ஸ்ட்ரிங்ல பத்தாவது ஃப்ரெட் டி. அவ்வளவுதான்.

இந்த இடத்துக்கு கிட்டார் வாசிக்கிறவங்க வச்சிருக்கிற பேரு பி.பி. பாக்ஸ். 1925-ல மிசிசிப்பியில பிறந்த ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் அடிக்கடி வந்து நின்ன இடம்ங்கிறதால அந்தப் பேரு. அவர் பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். ஒரு வரி பாடுவார், அதுக்குக் கிட்டார் பதில் சொல்லும். 1964 நவம்பர் 21 அன்னிக்கு சிகாகோ ரீகல் தியேட்டர்ல அவர் நடத்தின கச்சேரியோட பதிவு கிடைக்குது. அதைக் கேக்கும்போது ஒரு வேலை பண்ணுங்க: கிட்டார் ஒலிக்கிற நேரத்தை விட்டுட்டு, கிட்டார் நிறுத்துற நேரத்தை மட்டும் கவனிங்க. எங்க மூச்சு விடுறார்ங்கிறது தெளிவா புரியும்.

கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு இந்த அஞ்சு இடம் இன்னும் சுலபமா பிடிபடும். ஏ-யை ஷட்ஜமமா வைங்க. ஈ பஞ்சமம், எஃப் ஷார்ப் தைவதம், பி ரிஷபம். பி-யை வளைச்சு ரெண்டு ஃப்ரெட் அளவு ஏத்தினா சி ஷார்ப், அதாவது அந்தர காந்தாரம். மோகனத்தோட அஞ்சு ஸ்வரமும் வந்தாச்சு. கூடுதலா வர்றது டி, சுத்த மத்யமம். பி-யை ஒரு ஃப்ரெட் அளவு மட்டும் ஏத்தினா சி, சாதாரண காந்தாரம். அந்த ரெண்டு காந்தாரத்துக்கும் நடுவுல நடக்கிற இழுபறியிலதான் ப்ளூஸோட உயிரே இருக்கு.

[திரையில்: பன்னிரண்டு கட்டங்கள். 1–4 ஏ செவன், 5–6 டி செவன், 7–8 ஏ செவன், 9 ஈ செவன், 10 டி செவன், 11 ஏ செவன், 12 ஈ செவன்.]

கார்டு வரிசை திரையில இருக்கு. மெட்ரோனோம் 60, அதாவது நிமிஷத்துக்கு 60 பீட். ஒரு பீட்டுக்குள்ள மூணு துடிப்பு, ஒரு பாருக்கு நாலு பீட். அப்ப ஒரு பார் 4 செகண்ட், ஒரு முழுச் சுற்று 48 செகண்ட்.

முதல் சுற்றுல ஏ-யை மட்டும் வாசிங்க. வேற எதையும் தொடாதீங்க. நீளமா ஒண்ணு, குட்டையா மூணு, ஒரு பார் முழுக்க மௌனம், அடுத்த பார்ல ரெண்டாவது பீட்டுக்கு அப்புறம் ஆரம்பம். இப்படி தாளத்தை மட்டும் மாத்துங்க. எப்பவும் முதல் பீட்டுலயே ஆரம்பிக்கிற பழக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தச் சுற்று அதை உடைச்சிடும்.

இதுலயே இன்னொண்ணும் காதுல விழும். ஏ செவன் ஓடும்போது ஏ வீடு வந்து சேர்ந்த நோட்டு. டி செவன் வந்ததும் அதே ஏ அந்த கார்டோட பஞ்சமம் ஆகுது, இன்னும் நிம்மதியாத்தான் இருக்கு. ஒன்பதாவது பார்ல ஈ செவன் வந்ததும் அது ஒட்டாம தொங்குது. அந்த இடத்துல பி-க்கு நகர்ந்து பாருங்க, உடனே உக்காரும். பி, ஈ செவனோட பஞ்சமம். டி கூட அந்த கார்டுக்குள்ள இருக்கிற நோட்டுதான், ஆனா கொஞ்சம் எதிர்பார்ப்போட நிக்கும்.

வாக்கியத்தோட கடைசி நோட்டு கார்டுக்குள்ள இருக்கிற நோட்டா இருந்தா போதும். நடுவுல வர்றது எப்படிப் போனாலும் காது மன்னிச்சிடும்.

[திரையில்: இடது கை நெருக்கத்தில். இரண்டாவது ஸ்ட்ரிங் 12-வது ஃப்ரெட்டில் பெண்ட்.]

இப்ப பெண்டுக்கு, அதாவது ஸ்ட்ரிங்கைத் தள்ளி சுருதியை ஏத்துறதுக்கு வருவோம். இந்த வீடியோவுல அதிக நேரம் இதுக்குத்தான்.

முதல்ல எங்க போய்ச் சேரணும்னு காதுக்குத் தெரியணும். ரெண்டாவது ஸ்ட்ரிங் பதினாலாவது ஃப்ரெட்டை வாசிங்க. சி ஷார்ப். அதை வாயால பாடுங்க. பாடிக்கிட்டே பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு வந்து, பி-யை வாசிச்சு, அந்தப் பாடுற சத்தம் வர்ற வரைக்கும் ஸ்ட்ரிங்கைத் தள்ளுங்க. அடுத்து பதிமூணாவது ஃப்ரெட்டை வாசிங்க, அது சி. அதே மாதிரி பாடி, பன்னிரண்டுல இருந்து அந்த உயரத்துக்கு மட்டும் ஏத்துங்க. ட்யூனரை ஆன் பண்ணி வச்சா எவ்வளவு தள்ளிப் போறோம்னு கண்ணாலயும் பாக்கலாம்.

மோதிர விரல் பன்னிரண்டுல, நடுவிரல் பதினொண்ணுல, ஆள்காட்டி விரல் பத்துல. மூணும் ஒரே ஸ்ட்ரிங் மேல, சேர்ந்து தள்ளணும். கட்டைவிரல் கிட்டார் கழுத்துக்கு மேல எட்டிப் பிடிச்சிருக்கட்டும். தள்ளுற பலம் விரல் மூட்டுல இருந்து வரக்கூடாது. கதவுக் கைப்பிடியைத் திருகுற மாதிரி மணிக்கட்டு திரும்பணும், விரல்கள் கூடவே போகணும்.

பெண்ட் பாதியில நின்னுடுதுன்னா, விரலை மட்டும் மடக்கித் தள்ளுறீங்கன்னு அர்த்தம். அப்ப நோட்டு சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவுல எங்கயோ மாட்டிக்கும். வேணும்னே அங்க நிறுத்துறது வேற, அது ப்ளூஸுக்கு அழகு. பலம் இல்லாம நிக்கிறது கேக்கிறவங்களுக்கு சுருதி சேரலைன்னுதான் படும்.

இறக்கும்போது 'க்ளாங்'னு ஒரு சத்தம் வருதா? தள்ளும்போது மூணாவது ஸ்ட்ரிங் விரல் நகத்துக்கு அடியில சிக்குது. ஆள்காட்டி விரல் நுனி மூணாவது ஸ்ட்ரிங்கை லேசாத் தொட்டுக்கிட்டே இருக்கட்டும். தடிச்ச ஸ்ட்ரிங்குகளை வலது உள்ளங்கையோட ஓரம் மூடியிருக்கணும்.

டி பெண்ட் முதல் ஸ்ட்ரிங்ல. பத்தாவது ஃப்ரெட்டுக்கு மோதிர விரல் வரணும்னா கை முழுசா ரெண்டு ஃப்ரெட் பின்னாடி நகரணும்: மோதிரம் பத்துல, நடு ஒன்பதுல, ஆள்காட்டி எட்டுல. ரெண்டு ஃப்ரெட் அளவு ஏத்தினா ஈ. சரிபார்க்க முதல் ஸ்ட்ரிங் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை வாசிச்சுப் பாருங்க. முதல் ஸ்ட்ரிங்கை மேல, முகம் இருக்கிற பக்கம்தான் தள்ளணும். கீழ இழுத்தா ஃப்ரெட்போர்டு ஓரத்துல இருந்து நழுவிடும்.

இப்ப பொறுமையோட இருங்க. இந்த மூணு பெண்டும், பி-ல இருந்து சி, பி-ல இருந்து சி ஷார்ப், டி-ல இருந்து ஈ, சுருதி சுத்தமா வர்ற வரைக்கும் சோலோ பக்கம் போக வேண்டாம். அஞ்சு நோட்டு சோலோவுல ஒளிஞ்சுக்க இடம் கிடையாது.

[திரையில்: வைப்ரேட்டோ இரண்டு வகை, மெதுவான அசைவில்.]

அடுத்து வைப்ரேட்டோ, அதாவது நிக்கிற நோட்டோட சுருதியை லேசா அசைக்கிறது. தன்னோட உறவினர் புக்கா வைட் ஸ்லைடு (ஸ்ட்ரிங் மேல வழுக்கி வாசிக்கிற குழாய்) வச்சு எடுத்த ஒலி பி.பி. கிங்குக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்லைடு அவருக்குக் கைவரலை. அந்த ஒலியைக் கையாலயே கொண்டுவரப் பாத்ததுல வளர்ந்ததுதான் அவரோட வைப்ரேட்டோ. ஆள்காட்டி விரல் மட்டும் ஸ்ட்ரிங் மேல இருக்கும், கட்டைவிரல் கழுத்தை விட்டு விலகிடும், கை மொத்தமும் படபடன்னு அசையும்.

சாதாரண நோட்டுல வைப்ரேட்டோ பண்ணா சுருதி மேல போய்ட்டு பழைய இடத்துக்குத் திரும்பும். கீழ போகவே போகாது. பெண்ட் பண்ணின நோட்டுல இதுக்கு நேர் எதிர்: கொஞ்சம் தளர்த்தி, மறுபடி உச்சிக்கு ஏத்தணும். ஒவ்வொரு தடவையும் உச்சி சரியா சி ஷார்ப்பைத் தொடணும். தொடலைன்னா முழு நோட்டும் தாழ்ந்து கேக்கும்.

நோட்டு ஆரம்பிச்சதும் ஆட்ட வேண்டாம். ஒரு பீட் நேரா ஒலிக்கட்டும், அப்புறம் அசைவு வரட்டும். வேகம் தாளத்தோட சேரணும். ஒரு பீட்டுக்கு மூணு அசைவுல ஆரம்பிங்க. பதட்டமா, தாளத்துக்கு வெளிய நடுங்குற வைப்ரேட்டோ நல்ல நோட்டையும் கெடுத்திடும்.

[திரையில்: பன்னிரண்டு பார், வாசிக்கும் இடங்கள் நிறத்தில். கிட்டார் மெதுவாக வாசித்துக் காட்டுகிறது.]

இப்ப சோலோ. ப்ளூஸ் பாட்டுல முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூணாவது வரியில பதில் சொல்வாங்க. நாமளும் அதே அமைப்பைத்தான் எடுத்துக்கிறோம்.

முதல் பார்: முதல் பீட் மௌனம். எஃப் ஷார்ப் குட்டையா, உடனே ஏ. பார் முடியிற வரைக்கும் ஏ நிக்கட்டும், கடைசியில வைப்ரேட்டோ. ரெண்டாவது பார் முழுக்க மௌனம். மூணாவது பார்: எஃப் ஷார்ப், ஏ, அப்புறம் பி-யை சி ஷார்ப் வரைக்கும் ஏத்தி, இறக்கி, ஏ-யில நிறுத்துங்க. நாலாவது பார் மௌனம்.

அஞ்சாவது பார்ல டி செவன் வருது. மூணாவது பார்ல வாசிச்ச அதே வாக்கியம். ஒரே ஒரு மாற்றம்: பி-யை சி வரைக்கும்தான் ஏத்துறோம். சி, டி செவனுக்குள்ள இருக்கிற நோட்டு. சி ஷார்ப் அங்க உரசும். விரலோட தூரத்துல மயிரிழை வித்தியாசம், ஆனா கேக்கிறவங்களுக்கு முகமே மாறின மாதிரி இருக்கும். ஆறாவது பார்ல எஃப் ஷார்ப்ல முடிங்க. ஏழுல ஏ, ஈ, மறுபடி ஏ. எட்டு மௌனம்.

ஒன்பதாவது பார், ஈ செவன். சோலோவோட உச்சி இதுதான். டி-யை அழுத்தி பிக் பண்ணி ஈ வரைக்கும் ஏத்துங்க. பார் முழுக்கப் பிடிச்சு வைங்க. பத்தாவது பார்ல கார்டு டி செவனுக்கு மாறுற அந்த நொடியில, மறுபடி பிக் பண்ணாம, பெண்டை மெதுவா இறக்குங்க. ஈ-யில இருந்து டி-க்கு வருது. கார்டும் ஈ-யில இருந்து டி-க்குத்தான் வந்திருக்கு. ஒரே விரல், ஒரே பிக், ரெண்டு கார்டோட மூல நோட்டும் அதுக்குள்ள. இந்த ஒரு இறக்கம் சரியா விழுந்துட்டா மீதி சோலோ சுமாரா இருந்தாலும் கேக்கிறவங்க மனசுல நிக்கும்.

பதினொண்ணுல எஃப் ஷார்ப், ஏ. பன்னிரண்டுல ஈ செவன் மேல பி, பெண்ட் இல்லாம. அடுத்த சுற்றுக்கு அது கதவைத் திறந்து வைக்கும்.

பிக் பண்ற இடமும் நோட்டு மாதிரிதான். கழுத்துப் பக்கம் மென்மையா, பிரிட்ஜ் பக்கம் கூர்மையா. முதல் பாரையும் ஒன்பதாவது பாரையும் ஒரே பலத்துல வாசிச்சுட்டு உணர்ச்சி வரலைன்னு வருத்தப்படக் கூடாது. கிட்டார் வால்யூமை 7-ல வைங்க. ஆம்ப்ல டிஸ்டார்ஷன், அழுத்தி வாசிச்சா லேசா கரகரக்கணும், மெதுவா வாசிச்சா சுத்தமா வரணும். அதுக்கு மேல போட்டா மெல்லிய அடியும் பலமான அடியும் ஒரே மட்டத்துக்கு வந்திடும்.

[திரையில்: ஸ்ட்ரிங் செட்டுகள், நட், ஃப்ரெட்போர்டு வளைவு.]

கருவி பத்தி கொஞ்சம். ஸ்ட்ரிங் தடிமனை இன்ச்சோட ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல சொல்வாங்க. 10–46 செட்ல ரெண்டாவது ஸ்ட்ரிங் 13. 9–42 செட்ல 11, விரலுக்கு இன்னும் இலகு. அக்கூஸ்டிக்ல வழக்கமான 12–53 செட்டுன்னா 16, முழு பெண்ட் கடினம். மூணாவது ஸ்ட்ரிங் கம்பி சுத்தினதா இருக்கும், ஆனா நாம அதுல பெண்டே பண்ணலை, அதனால கவலை இல்ல. மொத்த கிட்டாரையும் ஒரு ஃப்ரெட் அளவு இறக்கி ட்யூன் பண்ணினா பெண்ட் இளகும். அப்ப பேக்கிங் டிராக்கும் ஏ ஃப்ளாட்டுல இருக்கணும்.

பெண்ட் பண்ணி இறக்கினதும் ஸ்ட்ரிங் சுருதி தவறுதுன்னா முதல்ல நட்டை, அதாவது கழுத்தோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற வெட்டு உள்ள சின்னப் பட்டையைப் பாருங்க. அந்த வெட்டுக்குள்ள ஸ்ட்ரிங் சிக்கித் திரும்பாம நிக்கும். பென்சில் முனையால வெட்டுக்குள்ள தேய்ச்சு விட்டா வழுக்கிப் போகும். ஃப்ளோட்டிங் ட்ரெமோலோ (ஸ்ப்ரிங் பலத்துல மிதக்கிற பிரிட்ஜ்) இருந்தா, பெண்ட் பண்ணும்போது மத்த ஸ்ட்ரிங்குகள் தாழ்ந்துடும். அப்ப கூட வேற ஸ்ட்ரிங்கை ஒலிக்க விடாதீங்க. பெண்ட் உச்சிக்குப் போனதும் சத்தம் சட்டுனு செத்துப் போனா, வளைவு அதிகமான பழைய பாணி 7.25 இன்ச் ஆரம் உள்ள ஃப்ரெட்போர்டுல ஸ்ட்ரிங் உயரம் ரொம்பக் குறைவா இருக்கலாம். கொஞ்சம் உயர்த்திப் பாருங்க.

வேற கீ வேணும்னா ஏ இருந்த இடத்துக்கு அந்த கீயோட மூல நோட்டை வச்சு மொத்தத்தையும் நகர்த்துங்க. ரெண்டாவது ஸ்ட்ரிங்ல ஜி எட்டாவது ஃப்ரெட், சி பதிமூணாவது ஃப்ரெட், ஈ அஞ்சாவது ஃப்ரெட். அஞ்சாவது ஃப்ரெட் பக்கம் நட் கிட்ட வர்றதால அதே பெண்டுக்கு பலம் கூடுதலா வேணும். அதனால முதல்ல ஏ, அடுத்து சி, அப்புறம் ஜி. ஈ கீ கடைசியா.

[திரையில்: பன்னிரண்டு பாரின் டேப், 60 வேகத்தில் பேக்கிங் டிராக், மூன்று சுற்று.]