பன்னிரண்டு பள்ளிக்கு ஒரு வாக்கெடுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

2016 அக்டோபரில் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் அமெரிக்கா போயிருந்தோம். மாசசூசெட்ஸ் மாநிலம், பாஸ்டன் நகருக்கு மேற்கே ஒரு புறநகர். பிரசவ வீட்டில் பாட்டிக்குத்தான் வேலை. தாத்தாவுக்கு என்ன வேலை? காலையும் மாலையும் நடந்துவிட்டு வருவேன். அது அமெரிக்க அதிபர் தேர்தல் நேரம். வீட்டு வாசல் புல்தரைகளில் ஹிலாரி பெயரும் டிரம்ப் பெயரும் நட்டு வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இருந்தன. ஆனால் அவற்றுக்குச் சமமாக இன்னொரு பலகையும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. "கேள்வி 2-க்கு வேண்டாம் என்று போடுங்கள்." நாலு வீடு தள்ளி, "கேள்வி 2-க்கு வேண்டும் என்று போடுங்கள்."

என்ன கேள்வி என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "எங்களுக்குத்தான் ஓட்டே இல்லையே மாமா" என்று சிரித்துவிட்டு, மாநில அரசு வீடு வீடாக அனுப்பியிருந்த விளக்கப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதிபர் தேர்தலோடு அதே சீட்டில் நான்கு கேள்விகளுக்கும் மக்கள் வாக்களிக்க வேண்டுமாம். முதல் கேள்வி, இன்னொரு சூதாட்ட விடுதிக்கு அனுமதி தரலாமா? மூன்றாவது, பண்ணைக் கோழிகளைத் திரும்பக்கூட முடியாத கூண்டுகளில் அடைப்பதைத் தடை செய்யலாமா? நான்காவது, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா? இந்தக் கோழிக்கும் கஞ்சாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்ததுதான் இரண்டாவது கேள்வி. ஆண்டுக்கு 12 சார்ட்டர் பள்ளிகள் வரை புதிதாகத் திறக்கவோ, இருப்பவற்றை விரிவாக்கவோ அனுமதிக்கலாமா?

முப்பத்து நான்கு வருஷம் அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை பார்த்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்கூடம் திறக்கலாமா வேண்டாமா என்று ஊரே ஓட்டுப் போடுகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? பேத்தி பிறக்கும் வரைக்கும், பிறந்த பிறகும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

சார்ட்டர் பள்ளி என்றால் தனியார் பள்ளி என்று நாம் நினைத்துவிடுவோம். அப்படி இல்லை. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, செலவு முழுவதும் அரசுப் பணம். நடத்துவது மட்டும் வேறு ஆள். அங்கே ஒவ்வொரு ஊரின் அரசுப் பள்ளிகளையும் அந்த ஊர்ப் பள்ளிக் குழுதான் நடத்துகிறது. சார்ட்டர் பள்ளி அந்தக் குழுவுக்குக் கட்டுப்படாது. தனி நிர்வாகக் குழு, தனிப் பாடவேளை, ஆசிரியர் சங்க ஒப்பந்தம் பொருந்தாது. மாநிலக் கல்வி வாரியம் ஐந்து ஆண்டுக்கு ஓர் உரிமப் பத்திரம் கொடுக்கிறது. சரியாக நடக்கவில்லை என்றால் பறித்துக்கொள்ளலாம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். நம் ஊரில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்குக் குலுக்கல் நடக்கிறதே, ஏறக்குறைய அந்தக் காட்சிதான்.

இந்த யோசனையை 1988இல் நாடறியப் பேசியவர் ஆல்பர்ட் ஷங்கர், ஓர் ஆசிரியர் சங்கத் தலைவர். ஆசிரியர்கள் தாங்களே புது முறைகளைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்றார். 1991இல் மினசோட்டா முதல் சட்டத்தைப் போட்டது. கொஞ்ச காலத்திலேயே ஷங்கர் மனம் மாறிவிட்டார். அவர் நினைத்த பொருள் வேறு, சந்தைக்கு வந்த பொருள் வேறு. மாசசூசெட்ஸில் 1993இல் சட்டம், 1995இல் முதல் பள்ளிகள். சட்டம் போடும்போதே உச்சவரம்பும் போட்டார்கள். நில உச்சவரம்பு தெரிந்த நமக்கு இந்தச் சொல் புதிதில்லை.

ஆனால் அவர்களுடைய உச்சவரம்பு இரண்டு அடுக்கு. ஒன்று, மாநிலம் முழுவதற்கும் 120 பள்ளிகள். செய்தித்தாளில் வருவது இந்த எண்தான். உண்மையில் அது யாரையும் தடுக்கவில்லை. அப்போது எண்பதுக்கும் குறைவான பள்ளிகளே நடந்துகொண்டிருந்தன. இரண்டாவது அடுக்குதான் கழுத்தைப் பிடித்தது. ஓர் ஊரின் பள்ளிச் செலவில் 9 விழுக்காட்டுக்கு மேல் சார்ட்டர் பள்ளிகளுக்குப் போகக் கூடாது. மிகப் பின்தங்கிய ஊர்களுக்கு மட்டும் அதை 2010இல் 18 ஆக்கினார்கள். பாஸ்டன் அந்த எல்லையை நெருங்கிவிட்டது. வசதியான புறநகர்களில் இடம் காலியாகக் கிடந்தது, கேட்பார் இல்லை. கேட்ட இடத்தில் இடம் இல்லை. இந்த உச்சவரம்பைத் தாண்டி ஆண்டுக்கு 12 என்றுதான் கேள்வி 2 கேட்டது. காத்திருப்போர் பட்டியலில் முப்பதாயிரத்துக்கும் மேல் பிள்ளைகள் என்று மாநிலக் கணக்கு சொன்னது. அந்தப் பட்டியலை நம்ப முடியாது என்று மாநிலத் தணிக்கையாளர் 2014இலேயே சொல்லியிருந்தார். வருகைப் பதிவேட்டில் பெயர் நீக்காமல் இழுத்துக்கொண்டு போகிற பழக்கம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

சரி, இந்தப் பள்ளிகள் நல்லவையா? இதுதான் எனக்கு மிகவும் சுவையான பகுதி. எந்தப் பள்ளியைக் கேட்டாலும் "எங்கள் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்" என்பார்கள். அக்கறையுள்ள பெற்றோர் அங்கே போகிறார்கள், பிள்ளை படிக்கிறது, பெயர் பள்ளிக்கு. இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? குலுக்கல்தான் வழி காட்டியது. விண்ணப்பித்த எல்லோரும் அக்கறையுள்ள பெற்றோர்தானே? அவர்களில் சிலருக்குச் சீட்டு விழுந்தது, சிலருக்கு விழவில்லை. இரண்டு கூட்டத்தையும் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டால், வித்தியாசம் பள்ளியால் வந்தது என்று அடித்துச் சொல்லலாம். ஜோஷுவா ஆங்கிரிஸ்ட், பராக் பதக் முதலிய பொருளியல் அறிஞர்கள் இப்படித்தான் பாஸ்டன் பள்ளிகளை ஆராய்ந்தார்கள். ஆங்கிரிஸ்ட் பின்னாளில், 2021இல், நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

பாஸ்டன் சார்ட்டர் பள்ளிகளில் சீட்டு விழுந்த பிள்ளைகள் கணக்கிலும் ஆங்கிலத்திலும் விழாதவர்களைவிடத் தெளிவாக மேலே போயிருந்தார்கள், அதிலும் கணக்கில் பெரிய ஏற்றம். புறநகர்களில் இருந்த சார்ட்டர் பள்ளிகளிலோ அந்த ஏற்றம் இல்லை, சிலவற்றில் இறக்கம்கூட. ஆக, சார்ட்டர் என்ற பெயர்ப்பலகையில் மந்திரம் ஏதும் இல்லை. பாஸ்டனில் அந்தப் பள்ளிகள் என்ன செய்தன என்பதில்தான் இருக்கிறது. நீண்ட பள்ளி நாள், கடுமையான ஒழுங்கு, விடாத தனிப்பயிற்சி. அந்தக் கடுமையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சின்னத் தப்புக்கெல்லாம் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு சும்மா வந்ததில்லை. ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகளும், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளும் அங்கே குறைவு என்றும் சொன்னார்கள். அதைச் சரிசெய்ய ஆள்சேர்ப்புத் திட்டம் எழுதித் தர வேண்டும் என்று 2010 சட்டம் நிபந்தனையே போட்டது.

அந்த 2010 சட்டத்தால் இன்னொரு சோதனையும் தானாக நடந்தது. உச்சவரம்பு தளர்ந்ததும் பாஸ்டனில் நன்றாக நடந்த சில பள்ளிகள் கிளை விட்டன. கிளை விட்டால் தரம் குறையும் என்றுதான் நானும் நினைப்பேன். நம் ஊர் ஓட்டல்களின் கதை நமக்குத் தெரியாதா? ஆனால் ஆராய்ந்து பார்த்தபோது கிளைகளும் ஏறக்குறைய தாய்ப் பள்ளி அளவுக்கே நன்றாக இருந்தன.

இவ்வளவு ஆதாரம் இருந்தால் வாக்கெடுப்பில் "வேண்டும்" என்பதுதானே ஜெயிக்க வேண்டும்? தோற்றது. 2016 நவம்பர் 8 அன்று 62 விழுக்காட்டினர் "வேண்டாம்" என்றார்கள். மூன்றாவது கேள்வியில் கோழிகள் அமோகமாக ஜெயித்தன. கஞ்சாவும் ஜெயித்தது.

ஏன் என்பதற்கு, நடைப்பயிற்சியில் பழக்கமான ஒரு பெண்மணி எனக்குப் பாடம் எடுத்தார். ஊர்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. நானும் வாத்தியார் என்று தெரிந்ததும் வாசல் படியிலேயே உட்காரவைத்துவிட்டார். விஷயம் இதுதான். பிள்ளை சார்ட்டர் பள்ளிக்குப் போனால் பிள்ளைக்கான பணமும் கூடவே போகும். இருபது வகுப்பு, வகுப்புக்கு இருபது பிள்ளைகள் என்று ஒரு பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு ஒரு பிள்ளை வீதம் இருபது பேர் போகிறார்கள். தலைக்கு 15,000 டாலர் என்றால் மூன்று லட்சம் டாலர் போய்விட்டது. பள்ளியில் செலவு என்ன குறைந்தது? பத்தொன்பது பிள்ளைகளுக்கும் அதே ஆசிரியர் வேண்டும். கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் அதே எண்ணெய் குடிக்கும். பேருந்து அதே தெருக்களைச் சுற்றும். அப்படியானால் எதை வெட்டுவது? ஓவியத்தை, இசையை, நூலகரை. அந்த அம்மாள் தன் நெஞ்சைத் தொட்டு, "என்னை" என்றார்.

எனக்கு இது உடனே புரிந்தது. நம் ஊரில் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைகளை எண்ணிப் பணியாளர் நிர்ணயம் செய்வார்கள். பத்துப் பிள்ளைகள் பக்கத்து ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போய்விட்டால் நம் ஆசிரியர் ஒருவர் உபரி. அந்த உபரி என்ற சொல்லைத் தலைமையாசிரியர் வாயால் சொல்ல வேண்டிய நாள் இருக்கிறதே, அதை நான் மூன்று முறை கடந்திருக்கிறேன்.

மாசசூசெட்ஸ் சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. பிள்ளை போன முதல் ஆண்டு முழுத் தொகையையும், அடுத்த ஐந்து ஆண்டுகள் 25 விழுக்காட்டையும் மாநிலம் ஊருக்குத் திருப்பித் தரும் என்று எழுதியிருந்தது. எழுதியிருந்ததே தவிர, பல ஆண்டுகள் அந்தத் தொகை முழுதாக வரவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்ப் பள்ளிக் குழுக்கள் கேள்வி 2-ஐ எதிர்த்துத் தீர்மானம் போட்டதற்குக் காரணம் கொள்கை மட்டும் இல்லை, இந்த வராக்கடனும்தான். பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷ் ஒரு சார்ட்டர் பள்ளியின் தொடக்க நிர்வாகக் குழுவில் இருந்தவர். அவரே "வேண்டாம்" பக்கம் நின்றார். ஆளுநர் சார்லி பேக்கர் "வேண்டும்" பக்கம். கறுப்பின மக்களின் மூத்த உரிமை அமைப்பு அதே அக்டோபரில், புதிய சார்ட்டர் பள்ளிகளை நாடு முழுவதும் நிறுத்தி வைக்கக் கோரியது. பாஸ்டனில் அந்தப் பள்ளிகளால் மேலே வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பின, ஸ்பானிய வம்சாவளிப் பிள்ளைகள். அவர்களின் பெற்றோர் எந்தப் பலகையை நடுவது?

பணமும் புகுந்து விளையாடியது. இரு தரப்பும் சேர்ந்து நான்கு கோடி டாலருக்கு மேல் செலவழித்தார்கள். எதிர்ப்பக்கம் பெரும்பாலும் ஆசிரியர் சங்கங்களின் பணம். ஆதரவுப் பக்கம் வால்மார்ட் குடும்பத்தார் முதல் நிதித்துறைச் செல்வந்தர்கள் வரை. அதில் பெரும்பங்கு ஓர் அமைப்பின் வழியாக வந்தது, கொடுத்தவர் பெயர் தெரியாமல். 2017இல் தேர்தல் நிதி அலுவலகம் பெயர்களை வெளியிட வைத்து, 4,26,466 டாலர் கட்டவும் வைத்தது. அடுத்த ஆண்டே அந்த அமைப்பு மூடிக்கொண்டது.

முடிவு வந்த மறுநாள் ஊர்வாரிக் கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாஸ்டனிலும் "வேண்டாம்" என்பதே பெரும்பான்மை. "வேண்டும்" என்ற பக்கம் சாய்ந்தவை வெல்லெஸ்லி, வெஸ்டன், டோவர் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்கள், மாநிலத்திலேயே பணக்கார ஊர்கள். அங்கே சார்ட்டர் பள்ளி வரப்போவதே இல்லை. அவர்களுக்கு அது அடுத்த வீட்டுக்குச் செய்கிற தர்மம். நல்லெண்ணம்தான், நான் பழிக்கவில்லை. தங்கள் ஊர் ஓவிய ஆசிரியைக்கு ஆபத்தில்லாத நல்லெண்ணம்.

மற்ற இடங்களிலும் இந்த எண் விளையாட்டு நடக்கிறது. நியூயார்க் மாநிலம் 1998இல் 100 என்று தொடங்கி, 2007இல் 200, 2010இல் 460 என்று ஏற்றிக்கொண்டே போனது. 2010இல் ஏற்றியதற்குக் காரணம், வரம்பைத் தளர்த்தும் மாநிலத்துக்கு ஒபாமா அரசின் மானியப் போட்டியில் மதிப்பெண் உண்டு. நியூயார்க் நகரத்தின் பங்கு 2019இல் தீர்ந்துவிட்டது. 2023இல் வரம்பைத் தொடாமலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூடிப்போன பள்ளிகளின் உரிமங்களை எழுப்பி, நகரத்தில் 14 புதிய பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் அவற்றுக்கு "ஸோம்பி", அதாவது நடமாடும் பிண உரிமங்கள் என்று பெயர் வைத்தன. ரேஷன் அட்டையில் இறந்தவர் பெயரில் சர்க்கரை வாங்கியதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

எனக்கு ஓட்டு இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று மாப்பிள்ளை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கேட்டார். "வேண்டாம்" என்றுதான் போட்டிருப்பேன் என்றேன். மன உறுத்தலோடுதான். பாஸ்டனில் சீட்டு விழாத ஒரு பிள்ளைக்கு நான் செய்கிற நஷ்டம் என்ன என்று அந்த ஆராய்ச்சி எண்ணில் காட்டிவிட்டதே! ஆனால் வாக்குச்சீட்டில் கேட்டது பள்ளி எத்தனை என்று மட்டும்தான். பழைய பள்ளியின் கொதிகலனுக்கு யார் பணம் தருவது என்ற வரி அதில் இல்லவே இல்லை.

2019இல் அந்த வரி வந்தது. மாநிலம் பள்ளிகளுக்கு ஏழு ஆண்டுகளில் 150 கோடி டாலர் கூடுதலாகத் தரும் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதில் சார்ட்டர் ஈட்டுத்தொகையையும் மாற்றினார்கள். முதல் ஆண்டு 100, அடுத்த ஆண்டு 60, அதற்கடுத்த ஆண்டு 40 விழுக்காடு. ஆறு ஆண்டு இழுத்தடிப்பு மூன்றாகச் சுருங்கியது. 120 என்ற எண்ணை யாரும் தொடவில்லை. இரண்டாவது கேள்வியைத் திரும்ப யாரும் கேட்கவும் இல்லை. ஓவிய ஆசிரியை இன்னும் வேலையில் இருப்பதாக மகள் சொன்னாள். பேத்திக்கு இப்போது அவர்தான் பாடம் எடுக்கிறாராம்.

நன்றி. வணக்கம்.